அஞ்சே வாட்

“தம்பி, உங்க ரேடியோவால எங்க வீட்டு டிவி நாசமாப் போச்சு! படம் கட்டம் கட்டமா உடைஞ்சு அப்படியே நின்னுடுது” என்றார் பக்கத்து வீட்டு லோகேஸ்வரி, கேட்டைப் பிடித்துக்கொண்டு.

ஜெயகுமாருக்குத் திக்கென்றது. பாக்கார் ஆராங் குடியிருப்பில் அவர்கள் வரிசையில் வீடெல்லாம் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். இந்த அக்கா புகார் எழுதிக் கொடுத்தால் போச்சு, கூரைமேல் இருக்கும் ஏரியலை இறக்கச் சொல்லிவிடுவார்கள். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, இரண்டு வருஷமாக அவன் உயிராக வைத்திருக்கும், உலகம் முழுக்க முகம் தெரியாதவர்களோடு பேசும் ஹாம் ரேடியோ.

“அக்கா, என்னோடது அஞ்சே வாட்லா. ஒரு சின்ன பல்புக்குக்கூட காணாது. அதுல போயி உங்க டிவி...”

“சின்னதோ பெருசோ, எனக்கென்ன தெரியும்? எட்டு மணிக்கு நாடகம் பார்க்க உட்கார்ந்தா நின்னு போகுது.”

“சரிக்கா, ஒரு வாரம் டைம் கொடுங்க. படம் எத்தனை மணிக்கு உடையுது, எத்தனை மணிக்குச் சரியாகுதுன்னு தினம் வாட்ஸ்அப்புல அனுப்புங்க, போதும். நான் என்ன செய்யணுமோ செஞ்சு பாக்குறேன். முடியலைன்னா ஏரியலை நானே கழட்டிடறேன்.”

வாய் தவறி வாக்குக் கொடுத்தாயிற்று. லோகேஸ்வரி அவனைத் தாண்டி வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார். “பேச்சு மாறக் கூடாது, சரியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே மனைவி பிரேமலா சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“கேட்டியா அந்த அக்கா சொன்னதை?”

“கேட்டேன். பாவம்ங்க. பொழுது சாய்ஞ்சா வீட்டுல பேச ஆள் இல்ல. டிவியும் நின்னுட்டா அவங்க என்னதான் செய்வாங்க?”

“அதுக்காக ரேடியோவை மூட்டை கட்டச் சொல்றியா? நேத்து பிரேசில்காரன் பதில் சொன்னான், தெரியுமா? அஞ்சு வாட்டுக்கு! இங்கேர்ந்து பிரேசிலுக்கு!”

“ம்ம். சாப்பிடுங்க, ஆறிடும்.”

திங்கட்கிழமை, ரேடியோவின் ஒயர்கள் எல்லாவற்றிலும் கறுப்பு வளையங்களை மாட்டினான். அலை ஒயர் வழியாகக் கசிந்தால் அவை பிடித்துக்கொள்ளும். இரவு லோகேஸ்வரியின் செய்தி வந்தது. ‘எட்டு ஐந்துக்கு உடைந்தது. ஒன்பதரைக்குச் சரியானது.’

செவ்வாய்க்கிழமை, டிவிக்குத் தொல்லை தரும் அலையை வெட்டிவிடும் ஃபில்டர் ஒன்றை ஏரியலுக்கு முன்னால் வைத்தான். அன்றும் செய்தி வந்தது. எட்டிலிருந்து ஒன்பதே முக்கால் வரை.

புதன்கிழமை ஐந்து வாட்டை இரண்டாகக் குறைத்தான். அதற்குக் கீழே குறைத்தால் பக்கத்து ஊரான மெர்போக்கைக்கூடத் தாண்டாது. அதற்கும் செய்தி வந்தது. அவனுக்கே வெறுத்துவிட்டது.

“அக்கா, உங்க டிவிக்குப் பின்னால ஒரு ஃபில்டர் மாட்டிப் பார்க்கிறேனே, அஞ்சு நிமிஷ வேலைதான்” என்று கேட்டைத் தட்டினான்.

“ஐயோ வேணாம்ப்பா! வீடு குப்பையாக் கிடக்கு” என்று கதவைச் சாத்திக்கொண்டார் அவர்.

சனிக்கிழமை வரை விடாமல் செய்திகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரேமலா காய்கறி வாங்க பாசாருக்குப் போயிருந்தாள். ஏரியலைக் கழற்ற ஏணியைச் சாத்திய பிறகு, கடைசியாக ஒரு தரம் பார்ப்போமே என்று தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்தான். யாரிடம் பேசினாலும் நாள், நேரம் எழுதி வைப்பது ஹாம்காரர்களின் வழக்கம். அதையும் லோகேஸ்வரியின் நேரங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான்.

அவன் புத்தகத்தில் வியாழன், வெள்ளி இரண்டு நாள் பக்கமும் காலி.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. போனையும் புத்தகத்தையும் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

“அக்கா! என் மேல தப்பு இல்ல! வியாழனும் வெள்ளியும் மைக் ஒயர் அறுந்து கிடந்துச்சு. நான் ஒரு வார்த்தைகூடப் பேசல. ஹெட்போனை மாட்டிக்கிட்டுச் சும்மா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பேசினாத்தான் அலை வெளியே போகும், கேட்டாப் போகாது. அப்புறம் எப்படி அந்த ரெண்டு நாளும் உங்க டிவி உடைஞ்சுச்சு?”

லோகேஸ்வரி விழித்தார். “பேசுறது, கேக்குறதுன்னு ரெண்டு இருக்கா? பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானேப்பா தெரியும்?”

“பாக்குறவங்களுக்கா? சுவருக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்ததை நீங்க எங்கேக்கா பாத்தீங்க?”

உள்ளே டிவியில் யாரோ கணீரென்று சிரித்தார்கள். படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க டிவிக்கு ஒரு கேடும் இல்ல தம்பி” என்றார் மெதுவாக. “அது நெட்ல ஓடுது, ஏரியலே கிடையாது. நேரத்தை எல்லாம் எனக்கு வேற ஆள் அனுப்புச்சு. கெஞ்சிக் கேட்டுச்சு, மனசு கேக்கல. நான் டிவி உடைஞ்சதுன்னு மாத்தி உங்களுக்கு அனுப்பினேன்.”

தன் போனைத் திறந்து அவன் கையில் கொடுத்தார். மேலே பிரேமலாவின் படம். கீழே வியாழக்கிழமைச் செய்தி:

‘அக்கா, இன்னிக்கு எட்டு பத்துக்குக் காதுல மாட்டினாரு. ஒன்பது நாப்பதுக்குக் கழட்டினாரு. அப்பகூட என்கிட்ட ஒரு வார்த்தை பேசலக்கா.’