பின் அடித்த பக்கங்கள்

அந்தப் பெண்கள் பள்ளியில் எச்.ஐ.வி. பற்றிய பாடத்தை எவரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. எங்கும் எழுதப்படாத விதி அது. ஜூனில் புத்தகங்கள் வந்ததும் டெய்சி டீச்சர் அந்த நான்கு பக்கங்களுக்கும் ஸ்டேப்ளரால் பின் அடித்த பிறகே பிள்ளைகளிடம் கொடுப்பார். பதினோரு ஆண்டுகளில் ஒருமுறையும் அவர் கை தயங்கியதில்லை. அவர் வகுப்பு மாணவி செல்வராணியின் பையில் எச்.ஐ.வி. மாத்திரையைத் தோழி ஒருத்தி பார்த்துவிட்ட நாளிலிருந்து அவளைச் சுற்றியிருந்த பெஞ்சுகள் காலியாயின. இன்று காலை தலைமையாசிரியர் டீச்சரை அழைத்து, “மத்த புள்ளைங்க வீட்லேருந்து சண்டைக்கு வர்றாங்க. அந்தப் பொண்ண ஸ்கூல்லேருந்து நின்னுக்கச் சொல்லிருங்க” என்றார்.

“கிட்டப் போகாதடி, ஒட்டிக்கும்!” வகுப்பில் பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். ஒட்டாது என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். சொன்னால் பாடத்தையே நடத்தியதாகிவிடும். “ராணி, நாளைலேருந்து வர வேணாம்மா” என்பது மட்டுமே வெளியே வந்தது.

அவள் அழவில்லை. “ஒட்டாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல டீச்சர்?”

டீச்சர் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினார். செல்வராணி தன் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கங்களின் பின்களை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்தாள். பிறகு எழுந்து நின்று, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.