நாகப்பட்டினத்துக்கு மறுபடியும்

எறையூர் ஆலைச் சங்கு ஊதி ஓய்கிறது. கரும்பு வெட்டிவிட்டு வந்த ராசாங்கம், சோகை இலை கீறிய கையோடு மனைவி கொளஞ்சியம்மாளின் பாயோரம் குந்துகிறான். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். கல்யாணமான புதிதில் போன நாகப்பட்டினத்துக்கு மறுபடி போகத் திட்டம் போடுகிறான் அவன். "வெட்டு முடியட்டும். அங்க ரூம் எடுத்துத் தங்கி, ஒருநா நாகூரு, ஒருநா வேளாங்கண்ணி, ஒருநா தரங்கம்பாடி..." மடக்கும் விரல்கள் மேல் கூரைக் கீற்றிடுக்கு வெயில் விழுகிறது. "அலையக் கண்டு அலறி ஓடுன ஆளு டூரு போடுது," என்று சிரிக்கிறாள், மூச்சு வாங்குகிறது. மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறாள். "இதெல்லாம் வேணாம் மாமா. கடலு போதும். வெட்டு முடியிற வரைக்கும் நான் இருக்கணுமே." அவன் எழுந்து, வருசத்து வெட்டெல்லாம் முடிந்த அன்று மட்டுமே கூரையில் செருகிவைக்கும் அரிவாளை எடுத்து, இப்போதே செருகுகிறான்.