சுவரற்ற அலுவலகம்

"இனிமே நமக்குள்ள சுவரே கிடையாது!"

முதலாளி இப்படி அறிவித்த மறுநாளே அலுவலகத்தின் உள்சுவர்களெல்லாம் தரைமட்டமாகிவிட்டன.

கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் நிறுவனம் அது. முதலாளி ஏதோ ஒரு கூட்டத்தில் 'சுவரற்ற' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து பித்துப் பிடித்து அலைந்தார். சுவரற்ற வீடு, சுவரற்ற கடை, சுவரற்ற சிந்தனை! "சுவர் இல்லாததுன்னு மட்டும் அதுக்கு அர்த்தமில்லைங்க. ஒளிவுமறைவே இல்லாததுன்னு அர்த்தம்" என்று விளக்கம் வேறு. "அப்போ குளியலறைக்கு?" என்று கேட்ட வாடிக்கையாளர் அம்மாள் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

பார்வை மங்கிய காவலாளியைக்கூடச் சுவரற்ற மனதோடுதான் வீட்டுக்கு அனுப்பினார். "மனசுல ஒண்ணு வச்சுப் பேச எனக்குத் தெரியாதுப்பா. குறையுள்ள ஆள் எனக்கு வேண்டாம்."

சுவர் விழுந்த அன்றே அலுவலகம் சந்தைக்கடை ஆகிவிட்டது.

"அந்த ரப்பரை எடுங்க!" என்று வரவேற்பு மேசை அக்கா தொண்டை கிழியக் கத்துவார். ரப்பர் இருந்ததோ பக்கத்து மேசையில்.

"இந்தாங்க ரப்பர்!" என்று கணக்கர் அதைவிட உரக்கக் கத்துவார். படம் வரையும் அண்ணன் தன் பங்குக்கு, "படிக்கட்டு இடிக்குது!" என்று அலறுவார்.

புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. நேரே முதலாளியிடம் போனார்.

"படிச்சவங்க வேலை செய்யற இடமா சார் இது? கொஞ்சம்கூட நாகரிகம் இல்லை."

முதலாளி எழுந்து நின்றார். "நாளைக்கு யார் முதல்ல கத்துறாங்களோ, அவங்க சீட்டு கிழிஞ்சுது!"

மறுநாள் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. முதலாளி பெருமையோடு குனிந்து ஒரு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சன்னல் எத்தனை அடி?"

எங்கிருந்தோ ஒரு கத்தல். அவர் நிமிர்வதற்குள் "நாலடி!", "அஞ்சடி!", "சன்னலே வேண்டாம்!" என்று ஆளாளுக்குக் கூரை பறக்கக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

"முதல்ல கத்துனது யாரு?"

"நான்தான் சார்" என்றார் அக்கா.

"அவங்க இல்லை சார், நான்" என்றார் கணக்கர். டைப் அடிக்கும் பெண்ணும் கையைத் தூக்கினாள்.

அத்தனை பேரையும் அனுப்பிவிட்டால் வேலையை யார் பார்ப்பது? முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்த வாரமே கொத்தனார் வந்து, இடித்த இடத்திலேயே சுவரை எழுப்பிவிட்டுப் போனார். முதலாளியும் வேறு சொல் தேடப் போய்விட்டார்.

இன்ஜினியருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அக்காவிடம் வந்தார்.

"வேலையே போயிருக்கும். அப்பவும் அடங்க மாட்டேன்னு அப்படி என்னக்கா ஒரு கத்தல்?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் மெல்லப் பேசி இன்ஜினியர் கேட்பது அதுதான் முதல் தடவை.

"படம் வரையற அண்ணனுக்குக் காது கேட்காது தம்பி. முன்னே அவருக்குத் தனி ரூம். கதவைச் சாத்திட்டுக் கத்திப் பேசிக்குவோம், வெளியே தெரியாது. சுவரையும் இடிச்ச பிறகு அவர் ஒருத்தர் மட்டும் கத்தினா, முதலாளி கண்டுபிடிச்சுட மாட்டாரா?"