காலியா ஒண்ணு வருது

சோழவரத்தில் பஸ் நிற்குமுன்பே கூட்டம் பாய்ந்தது. டிபன் பையோடு ஏறப் பார்த்த ஒருவரின் கையை, படியில் தொங்கிய இஜாஸ் தட்டிவிட்டான்.

“டூட்டிக்கு டைமாச்சு நைனா. ஒத்தக் கால் வெச்சுக்கிறேன்” என்றார் அவர்.

“நான் மட்டும் இன்னா, கல்யாணத்துக்கா போறேன்? பின்னால காலியா ஒண்ணு வருது, அதுல வா.”

அப்படி எதுவும் வராது என்று இஜாஸுக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி, சிப்காட் பஸ்ஸுக்கு ஓடினான். அது நிரம்பி வழிந்தது, ஆனால் கிளம்பவில்லை. இன்றும் லேட்டானால் வேலை போய்விடும்.

“வண்டிய எடுக்கச் சொல்லுய்யா!” என்று கத்தினான்.

கண்டக்டர் செல்போனைப் பைக்குள் போட்டார்.

“யாரு எடுக்கிறது? டிரைவர் சோழவரத்துல நின்னுக்கினு கீறாரு. பின்னால காலியா ஒண்ணு வருதுன்னு எவனோ ஏற உடலையாம். இன்னும் வரலையாம்.”