வாரம் இருபது பூ

"இன்னைக்கும் இடது கையாலதான் நீட்டுற, மாயாண்டி. மரியாதைங்கிறது வரவே வராதா ஒனக்கு?"

ரபீக்கா மிஸ்ஸி பையை வெடுக்கென்று பிடுங்கினாள். தை மாதம்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தவள். அதற்குள் பாதி ஆயுசு போய்விட்டதாக அவளுக்கு நினைப்பு.

மாயாண்டி வலது கையைக் கம்பளிக்குள் வைத்தபடியே நின்றான். அவன் காலை ஒட்டி மகள் நாகலெட்சுமி. ஆறு வயது. இளம்பிள்ளை வாதம் வந்துபோனதிலிருந்து அவளுடைய வலது கை விரல்கள் துவண்டு கிடந்தன.

சனிக்கிழமைதோறும் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். விரலுக்குப் பயிற்சி என்று, மிஸ்ஸி ஒரு சீமைப் புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வசந்தகால வேலைகள் கொடுத்திருந்தாள். களிமண்ணில் குருவிக்கூடு, கடதாசியில் பூ. கிழிக்க வேண்டும், சுருட்ட வேண்டும், கம்பியில் முறுக்க வேண்டும். எல்லாம் வலது கையால். வாரம் இருபது பூ.

"எண்ணிக்கோங்க மிஸ்ஸி. இருபதும் இருக்கு."

"இருக்கு. வாராவாரம் இருக்கு. மொத வாரம் கோழி கிளறின மாதிரி கொண்டாந்தீங்க. இப்ப கடையில தொங்கவிடலாம், அம்புட்டு அழகு. ஆனா இந்தப் பிள்ளையோட விரல் மட்டும் அப்படியே கெடக்கு. அது எப்படி?"

மாயாண்டி கூரையைப் பார்த்தான்.

"நாகு, இந்தா கடதாசி. எனக்கு ஒரு பூ செஞ்சு காட்டு."

பிள்ளை சிவப்புக் கடதாசியை இடது கையால் வாங்கினாள். கொஞ்சம் யோசித்தாள். "இந்தாங்கப்பா" என்று அப்பாவிடமே நீட்டினாள்.

மிஸ்ஸி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு மாசமா நீதான் செஞ்சியா?"

"ஆமாங்க."

"யாருய்யா ஒன்னைச் செய்யச் சொன்னது?"

"இருபது கொறஞ்சா பேரை வெட்டிருவோம்னு நீங்கதானே சொன்னீங்க? மலையில ஒருத்திக்குக் கொழுந்து கொறஞ்சா, பக்கத்து நெரையில பறிக்கிறவ ரெண்டு பிடி அள்ளி அவ கூடையில போடுவா. அப்பத்தான் முழு நாள் சம்பளத்துக்குப் பேரு விழும். இந்தப் பிள்ளை நாலு பூவுக்கே அழுதுச்சுங்க. நான் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கவா?"

"இது கொழுந்து நிறுக்கிற எடமாய்யா? பூவை வச்சு நான் என்ன பண்ண, பொரியலா? அவ விரல் அசையணும்! மாசக் கடைசியில டாக்டர் பார்ப்பாரு. அசையலேன்னா அவரே பேரை வெட்டுவாரு. அப்புறம் காலம் பூரா ஒத்தக் கைதான் ஒன் மகளுக்கு."

மாயாண்டியின் முகம் செத்துப்போனது.

"வெளங்காம செஞ்சிட்டேங்க. ஆனா ஏமாத்தல மிஸ்ஸி. நீங்க சொன்னபடி வலது கையாலதான் செஞ்சேன். ஒரு பூவுக்குக்கூட எடது கை படல."

"ரொம்ப உபகாரம்!" மிஸ்ஸி பையை மேசையில் வீசினாள். அது சரிந்து, பூக்கள் தரையெல்லாம் சிதறின. "இந்த வாரம் நாலு போதும். ஆனா அவதான் செய்யணும். அழுதுக்கிட்டே செய்யட்டும்."

மாயாண்டிக்கும் பொறுமை போயிற்று.

"நீங்க கோவிச்சாலும் கேக்குறேங்க. மருந்தில்ல, ஊசியில்ல. காயிதத்தை முறுக்கி எவனுக்காச்சும் செத்த கை திரும்பி வந்திருக்கா? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, பார்ப்போம்!"

 காட்ட மிஸ்ஸியிடம் ஆள் இல்லை.

மாயாண்டி குனிந்து பூக்களைப் பொறுக்க ஆரம்பித்தான். கம்பளி விலகியது. அவனுடைய வலது கையின் குறுக்கே, மணிக்கட்டிலிருந்து விரல் முட்டிவரை, பெரிய தழும்பு.

"அந்தக் கையில என்ன?"

"இதுங்களா? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறப்போ கல்லு உருண்டு நசுங்குனது. இனிமே ஒரு விரலும் மடங்காதுன்னு ரெண்டு வருசம் முந்தி இங்கதான் சொல்லி அனுப்புனாங்க" என்று எரிச்சலோடு சொல்லிக்கொண்டே, மாயாண்டி அந்தக் கையின் ஐந்து விரல்களையும் மடக்கிப் பூக்களை ஒன்றுவிடாமல் அள்ளி எடுத்தான்.