இரண்டாவது கிண்ணம்

காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு தேவசகாயத்துக்கு மூன்று மாதமாக வாசனையே தெரியவில்லை. அவர் பிழைப்போ, காப்பிக் கம்பெனியில் முகர்ந்து பார்த்துத் தரம் சொல்வது. "எல்லாம் திரும்பிடுச்சு, திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்" என்று அவர் சொன்னதை நம்பத்தான் மனைவி எஸ்தருக்கும் ஆசை. அந்தச் சந்தோஷத்தில்தான் வீட்டு எஸ்பிரஸோவுக்கு ஒரு கிரைண்டர் வாங்க இருவரும் கிளம்பி வந்திருந்தார்கள்.

"ஒரு கப்புக்கு உண்டான கொட்டையை மட்டும் நிறுத்துப் போடணும் சார். நேத்து அரைச்சது ஒரு பொட்டுகூட உள்ள தங்காது" என்று சொல்லி, கடைப்பெண் ஒரு மெஷினில் அரைத்து முதல் கிண்ணத்தை நீட்டினாள்.

முகர்ந்தார். "லேசாக் கருகல் அடிக்குது. மெஷின் சூடேறுது போல. அடுத்ததைக் காட்டும்மா."

வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து மேசையில் வேறு யாருக்கோ ஒரு மெஷின் கரகரவென்று ஓடி நின்றது. உடனே கையால் துழாவி இரண்டாவது கிண்ணத்தை எடுத்து, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"அடடா! மல்லிகைப்பூ மாதிரி. இதுதான் எஸ்தர்."

அந்தக் கிண்ணத்துக்காக நிறுத்து வைத்த கொட்டை இன்னும் அரைபடாமல் தராசுத் தட்டில்தான் இருந்தது. "சார், நான் இன்னும்..." என்று ஆரம்பித்த கடைப்பெண், எஸ்தர் பார்த்த பார்வையில் அடங்கிப்போனாள்.

"மூக்குன்னா உங்க மூக்குதாங்க" என்ற எஸ்தர், அவர் கண் திறப்பதற்குள் கிண்ணத்தை வாங்கி அதன் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"அப்ப திங்கக்கிழமை போயிடலாம்ல?"

"இதையே கட்டிக் குடும்மா" என்றாள் எஸ்தர், கடைப்பெண்ணிடம். கிண்ணத்தின் மேலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.