கிளமெண்டுக்கு ஒரு கஷ்டம் வேண்டும்

"அண்ணே, ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்களுக்கு ஒரு கஷ்டம் வரலைன்னா, உங்களைக் குரூப்பை விட்டுத் தூக்கிருவோம். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

பழங்காநத்தம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குரூப்பின் துணை அட்மின் முத்திருளன் இதைச் சொன்னபோது, கிளமெண்டுக்குத் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்த வடை அங்கேயே நின்றுவிட்டது.

'நொந்த மதுரை' வாட்ஸ்அப் குரூப்பைத் தொடங்கியவரே கிளமெண்ட்தான். மிக்சி மூடி பறந்து சட்னியெல்லாம் சீலிங்கில் அப்பிப் போனவர், ஹால் டிக்கெட்டை ஆடு தின்றுவிட்ட கொட்டாம்பட்டி மாணவி, திருமங்கலத்தில் இறங்காமல் அசந்து தூங்கி விருதுநகரில் கண்விழித்தவர் என்று ஊர்ப்பட்ட பேர் வந்து அழுதுவிட்டுப் போகிற இடம். வாராவாரம் ஓட்டுப் போட்டு, அதிகம் நொந்தவருக்கு ஒரு பட்டம் வேறு. பள்ளிக்கூட ஆபீசில் "கிளமெண்ட், அந்த ஃபைலை எடு" என்று விரட்டப்படுகிற மனிதரை, "அட்மின் ஐயா" என்று கூப்பிட்ட ஒரே இடம் உலகத்தில் அதுதான். சாப்பிடும்போதுகூட மனைவி ஜெஸிக்கு அதைத்தான் வாசித்துக் காட்டுவார்.

விதிகளை எழுதியவரும் அவரே. மூன்று மாதமாக ஒரு கஷ்டமும் போடாதவர் வெளியேற்றப்படுவார். போட்டோ ஆதாரம் கட்டாயம். வேடிக்கை பார்க்க வந்தவர்களை எல்லாம் இதைக் காட்டி ஈவிரக்கமில்லாமல் தூக்கியிருக்கிறார். இப்போது தன் வினை தன்னையே சுட்டது.

"என்ன பண்றது தம்பி, எனக்குத்தான் ஒண்ணும் வர மாட்டேங்குதே!"

"ஊருக்கெல்லாம் வருது, உங்களுக்கு மட்டும் வராதாண்ணே? நல்லாத் தேடிப் பாருங்க."

தேடினார். வண்டியில் சாவியை அப்படியே விட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போனார். வேண்டுமென்றே ஒவ்வொரு கத்தரிக்காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், வண்டி நின்றது, சாவியைக் காணோம். சந்தோஷமாகப் போட்டோ எடுக்கப் போனவரை டீக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"சார், சாவியை வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டீகளாம்ல! வந்தா குடுக்கச் சொன்னாக, இந்தாங்க."

"சே!" என்றார் கிளமெண்ட்.

கரண்டு பில்லைக் கட்டாமல் விட்டார். கெடு தாண்டியும் ஃபேன் ஜம்மென்று ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போய், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வாசலில் கழற்றிவிட்டு, "ஆண்டவரே, எவனாவது கொண்டுபோகட்டும்" என்று உருகி உருகி வேண்டினார். வெளியே வந்து பார்த்தால், கால் நுழைக்க வாகாகத் திருப்பி வைத்தபடி செருப்பு அவருக்காகக் காத்திருந்தது.

கடைசி வாய்ப்பாக அன்று மதியம் மோட்டாரைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார். தொட்டி நிரம்பி வழிந்து, படியில் இறங்கி, ஹால் மிதக்க வேண்டும். போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். விளிம்பு வரைக்கும் ஏறிய தண்ணீர், அவர் மனசு தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது.

கீழே ஜெஸி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏ ஜெஸி, நம்ம வீட்டுல மட்டும் ஏன் ஒரு கஷ்டமும் வர மாட்டேங்குது?"

ஜெஸி கையைக் கழுவிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க கொடுத்து வச்சவருங்க. வாங்கிட்டு வந்த வரம் அப்பிடி."

"அப்பிடித்தான் போலருக்கு" என்று பெருமூச்சு விட்டார் கிளமெண்ட்.

சாயங்காலம் டீக்கடைக்கு வந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசை ஆசையாக வளர்த்த குரூப். "தூக்கிரு தம்பி" என்றார்.

"இருங்கண்ணே. கடைசியா இந்த வாரப் பட்டத்தை உங்க வாயால சொல்லிட்டுப் போங்க. ஒரு அம்மா இன்னைக்குத்தான் புதுசாச் சேர்ந்துச்சு. ஓட்டு அம்புட்டும் அதுக்குத்தான். வாசிக்கிறேன், கேளுங்க." முத்திருளன் போனை முகத்தருகே பிடித்தான்.

"'என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரமா என்னமோ ஆயிருச்சு. குடும்பத்தைக் கெடுக்காம விட மாட்டேன்னு அலையிறாரு. அவரு கெடுக்கக் கெடுக்க நான் பின்னாலயே ஓடிச் சரி பண்றேன். கல்யாணமான நாள்லேருந்து இதுதான் என் பொழப்பு. இந்த வாரம் ஓவர்டைம். அவருக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் தன்னால நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு.'"

"அடப்பாவி!" கிளமெண்ட் பெஞ்சைத் தட்டினார். "கூட இருக்கிறவ படுற பாடு கண்ணுக்குத் தெரியாம ஒருத்தன் இருப்பானா? எவன் தம்பி அந்தக் கிறுக்குப்பய? போடு, என் ஓட்டையும் அந்த அம்மாவுக்கே போடு!"

அட்மின் புத்தி போகுமா? உடனே கேட்டார்: "ஆதாரம் இருக்கா?"

"போட்டோ போட்டிருக்குண்ணே. இந்த டப்பாப் போன்ல சுத்திக்கிட்டே இருக்கு... இந்தா, வந்துருச்சு."

போட்டோவில், உச்சி வெயிலில், மொட்டைமாடித் தொட்டிக்கு முன்னால், போனை நீட்டியபடி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார் கிளமெண்ட்.

முத்திருளன் போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஆறுதலாக அவர் தோளில் கை வைத்தான்.

"அண்ணே, உங்களைத் தூக்க வேண்டியதில்ல. வீட்டுக்குப் போங்க, கஷ்டம் காத்துக்கிட்டிருக்கு. மறக்காம ஒரு போட்டோ எடுத்துருங்க."